காட்டு வெங்காயம் எது?

(கொடைக்கானல் நாயுடுபுரத்தில் அறிவியல் ஆசிரியர்களுக்கான பயிற்சியில் பேசியதன் எழுத்து வடிவம்)



கீழிருந்து வந்திருக்கும் ஆசிரியர்கள் ஸ்வெட்டரை இழுத்துவிட்டுக் கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். இந்த ஊர்க்காரர்கள் வாசல் பக்கம் காற்றாட நிற்கிறீர்கள். இரண்டு தரப்பாரும் இன்று எனக்கு வேண்டும். நான் பேச வந்த செடி கீழே அடிவாரத்தில் வளர்வது. அதைப் பற்றிக் கேள்வி கேட்கிற பிள்ளைகள் மேலேயும் இருக்கிறார்கள், கீழேயும் இருக்கிறார்கள்.

தண்டின் உருமாற்றம் நடத்தாத அறிவியல் ஆசிரியர் இங்கே இருக்க முடியாது. இஞ்சி மட்டநிலத் தண்டு, உருளை கிழங்கு, சேனை கந்தம், வெங்காயம் குமிழம். கரும்பலகையில் வெங்காயத்தை நெடுக்காக வெட்டிய படத்தைப் போட்டு, அடியில் தட்டுப் போல் இருப்பதுதான் தண்டு, நாம் உரித்து உரித்து அழுவதெல்லாம் சதைப்பற்றான இலையடிகள் என்று சொல்லி முடித்திருப்போம். பாடம் சரியானதுதான். ஆனால் பாடம் முடிந்த பிறகு பிள்ளையின் மனத்தில் ஒரு சமன்பாடு தங்கிவிடுகிறது. உரித்தால் அடுக்கடுக்காக வருவது வெங்காயம். அந்தச் சமன்பாட்டைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

ஒரு வெள்ளிக்கிழமை ஊருக்குப் போய்விட்டுத் திங்கட்கிழமை வந்த ஏழாம் வகுப்புப் பையன், கைப்பிடி அளவுக்குக் குமிழம் ஒன்றைச் செய்தித்தாளில் சுற்றி என் மேசையில் வைத்தான். பாட்டி ஊர் மலையடிவாரம். ஆடு மேய்க்கிற இடத்தில் தோண்டியிருக்கிறான். "டீச்சர், காட்டு வெங்காயம். நீங்க சொன்ன மாதிரியே உரிச்சா வருது. இதச் சாம்பார்ல போடலாமா?" என்று கேட்டான். வகுப்பே எட்டிப் பார்த்தது. அவன் கேட்டதற்காக நான் இன்றும் அவனுக்கு நன்றியுடையவள். கேட்காமல் வீட்டு அடுப்படிக்குக் கொண்டுபோயிருக்கலாம் அல்லவா?

அவன் கொண்டுவந்தது நரிவெங்காயம். தாவரவியல் பெயர் டிரிமியா இண்டிகா. பழைய நூல்களில் அர்ஜினியா இண்டிகா என்று இருக்கும். உங்களில் பலர் வேறு இடத்தில் கேள்விப்பட்டிருப்பீர்கள். கால் ஆணிக்குச் சுட்டு வைத்துக் கட்டுவார்களே, அதுதான். சித்த மருத்துவத்தில் அதற்கு இடம் உண்டு. ஆங்கில மருந்து நூல்களிலும் சளி இளக்கும் மருந்தாக நெடுங்காலம் இருந்தது. ஆனால் மருந்து என்பதாலேயே அது உணவு ஆகிவிடாது. அதில் இருப்பவை இதயத்தைத் தாக்கும் கிளைக்கோசைடுகள். சில்லாரென் என்பது அவற்றில் ஒன்று. டிஜிட்டாலிஸ் என்ற இதய மருந்தைப் பற்றிப் படித்திருப்பீர்கள், அந்தக் குடும்பத்து வேலையைத்தான் இதுவும் செய்கிறது. குமட்டல், வாந்தி, பிறகு இதயத் துடிப்பு மந்தமாகித் தாறுமாறாவது. மத்தியதரைக் கடல் ஓரத்தில் இதன் நெருங்கிய உறவுச் செடி ஒன்று உண்டு. அதன் சிவப்பு வகையை எலி மருந்தாகவே விற்றார்கள். எலியால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது போனதுதான். மற்ற உயிர்கள் தின்றால் பெரும்பாலும் கக்கிவிடும், எலி செத்துவிடும். இந்தச் செய்தியை எட்டாம் வகுப்பில் சொல்லிப் பாருங்கள், ஒருவரும் தூங்கமாட்டார்கள்.

இப்போது "நரி" என்ற அடைமொழிக்கு வருகிறேன். நம் ஆட்கள் செடிக்குப் பெயர் வைத்த விதத்திலேயே எச்சரிக்கை இருக்கிறது. பேய்ச்சுரை, பேய்ப்புடல், நாய்த்துளசி, நரிப்பயறு, காட்டாமணக்கு. முன்னால் பேயோ நாயோ நரியோ வந்தால், இது வீட்டுச் செடியின் சாயலில் இருக்கும், ஆனால் அது அல்ல என்று பொருள். அதற்காக எல்லாமே நஞ்சு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், நரிப்பயறு மாட்டுக்கு நல்ல தீவனம். தெலுங்கிலும் இதை நரி வெங்காயம் என்ற பொருளில் நக்க உல்லிகட்ட என்றே சொல்கிறார்கள். உங்கள் வகுப்பில் தெலுங்கு பேசும் வீட்டுப் பிள்ளை இருந்தால் பாட்டியிடம் கேட்டு வரச் சொல்லுங்கள். மலையாளத்தில் காட்டுள்ளி. உள்ளி என்ற சொல்லே ஒரு வேடிக்கை. கன்னியாகுமரிப் பக்கம் உள்ளி என்றால் வெங்காயம். யாழ்ப்பாணத்தில் உள்ளி என்றால் பூண்டு. ஆகவே ஊர்ப்பெயரை மட்டும் நம்பிச் செடியை அடையாளம் காண முடியாது. ஆனால் ஊர்ப்பெயரைத் தள்ளவும் கூடாது, அது ஏதோ ஒன்றைச் சொல்ல முயல்கிறது.

"காட்டு வெங்காயம்" என்ற பெயர் இன்னும் மோசம். நரிவெங்காயத்தையும் அப்படிச் சொல்கிறார்கள், வேறு சிலவற்றையும் சொல்கிறார்கள். இமயமலையில் உண்மையிலேயே காட்டு வெங்காயங்கள் உண்டு. அல்லியம் பேரினத்தின் பல சிற்றினங்கள் அங்கே தானாக வளர்கின்றன. உத்தராகண்டில் ஜம்பு என்று சொல்லி அப்படிப்பட்ட செடியின் காய்ந்த இலையைப் பருப்புக்குத் தாளிக்கிறார்கள். மணிப்பூரில் மரோய் என்ற பெயரில் சமையலில் பூண்டு இலை போல ஒன்றைப் போடுகிறார்கள். அதுவும் அல்லியம்தான். வட இந்தியப் புத்தகத்தையோ காணொளியையோ பார்த்துவிட்டு நம் பிள்ளை "காட்டு வெங்காயம் சாப்பிடலாம்" என்று சொன்னால், அங்கே அது சரியாகவே இருக்கலாம். நம் நிலைமை வேறு. பழனி மலையிலும் அதன் அடிவாரத்திலும் காட்டில் தானாக வளர்கிற உண்மையான வெங்காயம் கிடையாது. வெங்காயமும் பூண்டும் இங்கே வயலில், தோட்டத்தில், கடையில் இருப்பவை. பூம்பாறையிலும் மன்னவனூரிலும் கவுஞ்சியிலும் விளைகிற மலைப்பூண்டு 2019ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது, அதுவும் மனிதர் நட்டு வளர்ப்பதுதான். எனவே நம் பகுதியில் காட்டில் வெங்காயம் போல ஒன்றைப் பார்த்தால், அது வெங்காயம் அல்ல என்று தொடங்க வேண்டும். பிறகு அது என்ன என்று தேடலாம்.

சரி, எப்படித் தேடுவது? முதலில் கடையில் கிடைப்பதையே வைத்துத் தொடங்குவது நல்லது. சின்ன வெங்காயம், பெரிய வெங்காயம், மலைப்பூண்டு மூன்றையும் மேசையில் வையுங்கள். எவை இரண்டும் ஒரே இனம் என்று கேளுங்கள். சின்ன வெங்காயமும் பூண்டும் பல்பல்லாகப் பிரிவதால் அவை ஒன்று என்று பாதி வகுப்பு சொல்லும். உண்மையில் சின்னதும் பெரியதும் அல்லியம் சீப்பா என்ற ஒரே சிற்றினம். பூண்டு அல்லியம் சட்டைவம், வேறு சிற்றினம். இலையைப் பார்த்தால் வேலை முடிந்தது. வெங்காயத் தாள் உள்ளே பொள்ளலான குழாய். பூண்டின் இலை தட்டை. குமிழம் சொல்லாததை இலை சொல்கிறது. வேறுபட்டுத் தெரிவது ஒன்றாக இருக்கலாம், ஒன்றாகத் தெரிவது வேறாக இருக்கலாம் என்பதை அந்த மேசையிலேயே பிள்ளை பார்த்துவிடும்.

அடுத்தது மணம். வெங்காயத்தையும் பூண்டையும் முழுதாக வைத்தால் அவ்வளவாக மணக்காது. நசுக்கும்போது செல்கள் உடைந்து, தனித்தனி அறைகளில் இருந்த கந்தகச் சேர்மமும் நொதியும் கலக்கின்றன. பூண்டில் அல்லிசின் பிறப்பதும், வெங்காயத்தில் கண்ணை எரிக்கும் ஆவி பிறப்பதும் அப்போதுதான். நரிவெங்காயத்தை நசுக்கினால் இந்த மணம் வராது. வழவழப்பான பசைச் சாறுதான் வரும். அந்தச் சாற்றில் கால்சியம் ஆக்சலேட் ஊசிப் படிகங்கள் இருப்பதால் தோல் அரிக்கும். அதனால் "நசுக்கி மோந்து பார்" என்று பிள்ளையிடம் சொல்லிவிட்டு நகரக்கூடாது. ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பைக்குள் இலைத் துண்டைப் போட்டு, வெளியிலிருந்து கரண்டியால் நசுக்கி, வாயைத் திறந்து மோந்து பார்க்க வேண்டும். விரல் படக்கூடாது. அரிப்பு ஒரு காரணம். இன்னொரு காரணமும் உண்டு, அதற்கு ஜெர்மனி வரை போய்வர வேண்டும்.

அங்கே வசந்த காலத்தில் காட்டுக்குப் போய் ஒரு வகைக் காட்டுப் பூண்டின் இலையைப் பறித்துச் சமைப்பார்கள். அதற்குப் பேர்லௌக் என்று பெயர், கரடிப் பூண்டு என்று சொல்லலாம். நமக்கு நரி, அவர்களுக்குக் கரடி. அந்த இலை தட்டையாக, அகலமாக இருக்கும். அதே காலத்தில், அதே போன்ற இலையோடு கொல்ச்சிகம் என்ற நச்சுச் செடியும் முளைக்கிறது. இரண்டையும் மாற்றிப் பறித்து ஆட்கள் இறந்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. மணத்தால் கண்டுபிடிக்கலாமே என்று தோன்றும். பத்து இலை பறித்ததும் கையெல்லாம் பூண்டு மணம். பதினொன்றாவதாகப் பறிக்கிற நச்சு இலையும் பூண்டாகவே மணக்கும். மோப்பம் பொய் சொல்லவில்லை, மோந்தது கையை. நம் பைகளில் விரல் படக்கூடாது என்பதற்கு இதுவே பெரிய காரணம்.

அந்தக் கொல்ச்சிகத்தில் இருக்கும் நஞ்சின் பெயர் கொல்ச்சிசின். அது நம் ஊரில் எதில் இருக்கிறது தெரியுமா? நம் மாநில மலரில். செங்காந்தள், கார்த்திகைப்பூ, கண்வலிக்கிழங்கு என்றெல்லாம் சொல்கிறோமே, அதே செடி. ஒட்டன்சத்திரம், மூலனூர்ப் பக்கம் விதைக்காகப் பந்தல் போட்டுப் பயிரிடுகிறார்கள். அதன் கிழங்கைச் சாப்பிடத்தக்க கிழங்கு என்று நினைத்துத் தின்று இறந்தவர்கள் இங்கும் உண்டு, இலங்கையிலும் உண்டு. மாநில மலர் எது என்ற கேள்விக்கு ஒரு மதிப்பெண் தருகிறோம். அதன் கிழங்கை வாயில் வைக்கக்கூடாது என்பதற்கு எத்தனை மதிப்பெண் என்று நான் யோசிப்பதுண்டு.

வட அமெரிக்காவில் நிலைமை இன்னும் சிக்கல். அங்கே தின்னத்தக்க காட்டு வெங்காயங்கள் பல உண்டு. பூர்வகுடிகள் காலங்காலமாக உண்டவை. அதே புல்வெளியில் டெத் கேமஸ் என்ற நச்சுக் குமிழமும் வளர்கிறது. பெயரிலேயே சாவை வைத்துவிட்டார்கள். அதற்கு வெங்காய மணம் கிடையாது. அங்குள்ள பெற்றோருக்குப் பிள்ளைக்குச் சொல்லித்தர இரண்டு பாடம் இருக்கிறது, எது தின்னலாம், எது கூடாது என்று. நம் மலையில் ஒரே பாடம்தான். நமக்கு எளிது என்றுதான் சொல்வேன்.

இனி, நரிவெங்காயத்தோடு குழம்பும் மற்றச் செடிகளுக்கு வருவோம். இங்கேதான் விஷயம் சுவையாகிறது.

முதலாவது, லெடெபூரியா ரெவோலூட்டா. என் வகுப்பில் இதைப் "புள்ளி இலை" என்றே சொல்லிக்கொள்கிறோம். சிறிய குமிழம், பெரும்பாலும் சின்ன வெங்காயத்தை விடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். இலையில் ஊதாப் புள்ளிகள் தெளித்தாற்போல் இருக்கும். சில செடிகளில் புள்ளி மங்கல், ஆகவே புள்ளி இல்லை என்பதை வைத்து மட்டும் முடிவுக்கு வரக்கூடாது. இந்தச் செடிக்கும் நரிவெங்காயத்துக்கும் இடையிலான குழப்பம் பிள்ளைகளோடு நிற்கவில்லை. பெரிய பெரிய தாவரவியலாளர்களின் நூல்களிலும் இருக்கிறது. ராக்ஸ்பர்க் நரிவெங்காயத்துக்கு வைத்த பெயர் சில்லா இண்டிகா. பின்னாளில் பேக்கர் என்ற ஆங்கிலேயத் தாவரவியலாளர் புள்ளி இலைக்கும் சில்லா இண்டிகா என்றே பெயர் வைத்தார். ஒரே பெயர், இரண்டு செடி. பழைய மருந்து நூலில் சில்லா இண்டிகா என்று படித்தால், யார் எழுதியது என்று பார்க்காமல் எந்தச் செடி என்று சொல்ல முடியாது. அறிவியல் பெயர் வைத்தால் குழப்பமே வராது என்று வகுப்பில் சொல்கிறோம். பெயருக்குப் பின்னால் பெயர் வைத்தவரையும் ஏன் எழுதுகிறார்கள் என்று பதினொன்றாம் வகுப்புப் பிள்ளை கேட்டால், இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

இந்த இரண்டையும் பிரிக்க மிக நல்ல அடையாளம், காலம். நரிவெங்காயம் கோடையில் இலையே இல்லாமல் பூக்கும். வெறும் தரையிலிருந்து ஒரு நீண்ட தண்டு எழும்பி, அதில் இடைவெளி விட்டு விட்டுப் பழுப்பும் பச்சையுமாகப் பூக்கள் தொங்கும். ஒரு பூ ஒரு நாள்கூட முழுதாகத் தாங்காது. பூவெல்லாம் முடிந்து, மழை விழுந்த பிறகுதான் இலை வரும். நீளமான, பட்டை போன்ற இலைகள். புள்ளி இலையோ மழை தொடங்கியதும் இலையும் பூவுமாகச் சேர்ந்தே வரும். பூத்தண்டு குட்டை, பூக்கள் சின்ன மணி போல, இதழ் நுனி பின்னால் வளைந்து, ஊதாச் சாயலோடு இருக்கும்.

விதையையும் பார்க்க முடிந்தால் பாருங்கள். நரிவெங்காயத்தின் விதை கறுப்பாகத் தட்டையாக, ஓரத்தில் சிறகோடு இருக்கும், காற்றில் போகும். புள்ளி இலையின் விதை தட்டையாக இருக்காது, உருண்டு திரண்டிருக்கும்.

இப்போது நம் தொழிலுக்கே உரிய ஒரு சிக்கல். நரிவெங்காயம் பூக்கிற கோடையில் பள்ளி விடுமுறை! ஜூனில் திறக்கும்போது இலைதான் இருக்கும். ஆசிரியரும் பிள்ளையும் சேர்ந்து அதன் பூவைப் பார்ப்பதே அரிது. பூவைப் பார்த்த பிள்ளை அதை வேறு செடி என்று நினைத்துக்கொள்ளும், அதற்குத்தான் இலை இல்லையே! உலர்தாவரத் தொகுப்பு வைத்திருப்பவர்களுக்கும் இப்படிப்பட்ட செடிகளில் இதே தொல்லை. பூவுள்ள தாளில் இலை இருக்காது, இலையுள்ள தாளில் பூ இருக்காது. ஒருவர் ஒரே இடத்துக்கு இரண்டு பருவத்திலும் போனால்தான் இரண்டு தாளும் ஒரே செடி என்று சொல்ல முடியும்.

அதனால் என் யோசனை இது. அடிவாரத்தில் சொந்த ஊர் உள்ள பிள்ளைகள் ஒவ்வொரு வகுப்பிலும் இரண்டு மூன்று பேராவது இருப்பார்கள். ஒரு செடி நிற்கும் இடத்தை அவர்கள் பெரியவர் துணையோடு அடையாளம் வைத்துக்கொள்ளட்டும். பக்கத்தில் ஒரு கல், ஒரு பனை, ஏதாவது. தோண்ட வேண்டாம், தொட வேண்டாம். விடுமுறையில் ஒரு முறை, மழை விழுந்த பின் ஒரு முறை, பொங்கல் விடுமுறையில் ஒரு முறை போய்ப் பார்த்துப் படம் வரையட்டும். தேதி எழுதட்டும். கைப்பேசியில் படம் எடுத்தாலும் சரி, ஆனால் வரையச் சொல்வதையே நான் விரும்புவேன். வரைகிற பிள்ளை, பூக்காம்பு எவ்வளவு நீளம் என்று பார்த்தாக வேண்டும், படம் எடுக்கிற பிள்ளை பார்க்க வேண்டியதில்லை.

இரண்டாவது குழப்பம், லில்லிகள். கிரைனம், பங்கிரேசியம் என்று இரண்டு பேரினங்கள் நம் மாநிலத்தில் இயல்பாக வளர்கின்றன. விஷமூங்கில் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், அது கிரைனம். பங்கிரேசியம் சிறியது, வெள்ளைப் பூவின் நடுவில் மெல்லிய கிண்ணம் ஒன்று இருக்கும். இரண்டுக்கும் வெங்காயம் போன்ற குமிழம். ஒரு சிக்கல் என்னவென்றால், வெங்காயப் பூவைப் போலவே இவற்றின் பூக்களும் தண்டு நுனியில் ஒரே இடத்திலிருந்து குடையாகக் கிளம்பும். நரிவெங்காயத்தையும் புள்ளி இலையையும் "தண்டு நெடுக வரிசையாகப் பூ, ஆகவே வெங்காயம் அல்ல" என்று எளிதாகத் தள்ளிவிடலாம். இவற்றை அப்படித் தள்ள முடியாது. இங்கே சூற்பையைப் பாருங்கள். வெங்காயத்தில் சூற்பை இதழ்களுக்கு மேலே, பூவின் உள்ளே இருக்கும். கிரைனத்திலும் பங்கிரேசியத்திலும் இதழ்களுக்குக் கீழே, வெளியே புடைத்திருக்கும். மேல்மட்டச் சூற்பை, கீழ்மட்டச் சூற்பை என்று தேர்வுக்காக மனப்பாடம் செய்கிறார்களே, அது உயிருக்கும் உதவுகிற இடம் இது. இந்த லில்லிகளிலும் நஞ்சு உண்டு, லைக்கோரின் என்ற ஆல்கலாய்டு, வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும்.

மேல்நிலை வகுப்பு எடுப்பவர்களுக்கு ஒரு சொல். நாம் படித்தபோது வெங்காயம், நரிவெங்காயம், செங்காந்தள் எல்லாம் லில்லியேசி என்ற ஒரே குடும்பம். இன்றைய வகைப்பாட்டில் வெங்காயம் கிரைனத்தோடு அமரில்லிடேசியில், நரிவெங்காயமும் புள்ளி இலையும் தண்ணீர்விட்டான் கிழங்கோடு அஸ்பராகேசியில், செங்காந்தள் கொல்ச்சிகேசியில். நரிவெங்காயத்தை விட விஷமூங்கில்தான் வெங்காயத்துக்கு நெருங்கிய சொந்தம்! சொந்தம் என்பதால் சாப்பிட முடியாது என்பதற்கும் இதையே காட்டலாம்.

இந்த நாயுடுபுரத்துச் சாலையில் என்ன இருக்கிறது என்று மேலூர்க்காரர்கள் கேட்பீர்கள். நாம் இருப்பது ஏறத்தாழ 2100 மீட்டர் உயரம். நரிவெங்காயம் வறண்ட அடிவாரத்துப் புதர்க்காட்டுச் செடி, இந்தக் குளிரில் அதைத் தேட வேண்டியதில்லை. ஆனால் இங்குள்ள வீட்டு வேலிகளில் வெளிநாட்டுக் குமிழச் செடிகளும் லில்லிகளும் நிறைய. மழை பெய்த மறுநாள் பூக்கும் ரெயின் லில்லி அமெரிக்காவிலிருந்து வந்தது. அதன் இலை வெங்காயத் தாள் போலவும், குமிழம் அச்சாகச் சின்ன வெங்காயம் போலவும் இருக்கும். சமையலறைக்குப் பின்னால் புதினா, வெங்காயத் தாள் பக்கத்திலேயே இதையும் நட்டிருக்கிறார்கள், அதுதான் எனக்குப் பிடிக்காதது. நீலநிறக் குடையாய்ப் பூக்கும் அகபாந்தஸ் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்தது. வெங்காயப் பூவுக்கு நீலச்சாயம் பூசினாற்போல் இருக்கும், ஆனால் மண்ணுக்கடியில் குமிழமே கிடையாது, மட்டநிலத் தண்டு. இவற்றைத் தோட்ட உரிமையாளரிடம் கேட்டு ஓர் இலை வாங்கினால் போதும், பை சோதனைக்கு ஆகும்.

நம் மலைக்கே உரிய குமிழம் ஒன்றையும் சொல்ல வேண்டும். நீலகிரி லில்லி. லில்லியம் நீல்கெரென்ஸ். உயரமான புல்சரிவுகளில், நீண்ட வெள்ளைக் குழலாகப் பூக்கும். பழனி மலையிலும் இருக்கிறது. அதன் குமிழத்துக்கு வெங்காயத்தைப் போன்ற மேல்தோல் கிடையாது. பூண்டுப் பற்களை நெருக்கி அடுக்கியதுபோல் செதில்கள் வெளியே தெரியும். இதை நான் ஒரு முறைதான் காட்டில் பார்த்திருக்கிறேன். தோண்டிப் பார்க்கவில்லை, படத்தில்தான் குமிழத்தைப் பார்த்தேன். அதுவே போதும். ஒரு குமிழத்தைப் பிடுங்கினால் அந்தச் செடி அங்கே முடிந்தது. தவிர, 2013ஆம் ஆண்டிலிருந்து கொடைக்கானல் வனஉயிரினச் சரணாலயம் நடைமுறையில் இருக்கிறது. அதற்குள் அனுமதியில்லாமல் செடியைத் தோண்டுவது சட்டப்படி குற்றம். செயல்திட்டம் என்று சொல்லிப் பிள்ளையைச் சிக்க வைக்கக்கூடாது.

தோண்டாமல் படிக்க நமக்கு வழி இருக்கிறது. இந்த மலையின் செடிகளைப் போல நன்றாக எழுதி வைக்கப்பட்ட மலை நாட்டில் அதிகம் இல்லை. சென்னை மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் பைசன், நீலகிரி, பழனி மலையுச்சிகளின் தாவரங்களைப் படங்களோடு 1915 முதல் தொகுதிகளாக வெளியிட்டார். அருட்தந்தை கே. எம். மேத்யூ, திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராப்பினாட் தாவரத் தொகுப்பை உருவாக்கியவர், 1999இல் பழனி மலைத் தாவரங்களை மூன்று பெரிய தொகுதிகளாகத் தந்தார். செண்பகனூரில் இயேசு சபையினரின் அருங்காட்சியகம் இருக்கிறது. அருட்தந்தை ஆங்கிலாத் இந்த மலைச் செடிகளை நீர்வண்ணத்தில் வரைந்து தள்ளியவர். கையால் வரைவது பழைய காலத்து வேலை என்று நினைக்கும் பிள்ளைகளுக்கு அவர் பெயரைச் சொல்லுங்கள்.

இந்த நூல்களில் செடியைக் கண்டுபிடிக்க ஒரு திறவுகோல் இருக்கும். இரண்டிரண்டு கூற்றாகப் பிரித்துக்கொண்டே போகும். இது பொருந்தினால் இந்த எண்ணுக்குப் போ, இல்லாவிட்டால் அந்த எண்ணுக்குப் போ என்று. வகுப்பில் பிள்ளைகளே அப்படி ஒன்றை எழுத முடியும். என் வகுப்பில் எழுதியது இப்படித் தொடங்கியது: "நசுக்கினால் வெங்காய மணம் வருகிறது, வரவில்லை." பிறகு "இலை குழாய், இலை தட்டை." பிறகு "பூ குடையாக, பூ வரிசையாக." பிறகு "இலையில் புள்ளி உண்டு, இல்லை." நான்காவது கேள்வியில் ஒரு பெண் எழுந்து, "புள்ளி மங்கலா இருந்தா எந்தப் பக்கம் போறது டீச்சர்?" என்றாள். அதற்குப் பிறகு அந்தக் கேள்வியை எடுத்துவிட்டு, "பூக்கும்போது இலை உண்டா" என்று மாற்றினார்கள். நான் சொல்லித்தரவில்லை. நல்ல அடையாளம், மோசமான அடையாளம் என்ற வேறுபாட்டை அவர்களே பிடித்துவிட்டார்கள்.

கடைசியாக ஒன்று, இது அறிவியல் ஆசிரியருக்கு மட்டும் அல்ல. யாராவது ஒரு பிள்ளை தெரியாத குமிழத்தையோ கிழங்கையோ தின்றுவிட்டதாகத் தெரிந்தால், உப்பு நீர், மோர் என்று எதையும் கொடுத்து வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். அறிகுறி வரட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். 108ஐ அழையுங்கள், மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள், மிச்சம் இருக்கும் செடியை இலையோடு ஒரு பையில் போட்டுக் கையோடு எடுத்துப்போங்கள். மருத்துவருக்கு அந்தப் பை மிகவும் உதவும். பிள்ளையைத் திட்டுவதைத் தள்ளிப்போடுங்கள், பயந்த பிள்ளை எவ்வளவு தின்றது என்று சொல்லாது.

பின்னால் மேசையில் ஐந்து பைகள் வைத்திருக்கிறேன். ஒன்றில் வெங்காயத் தாள், ஒன்றில் பூம்பாறைப் பூண்டு இலை, மற்ற மூன்றும் இந்தச் சாலையில் கேட்டு வாங்கிய இலைகள். எண் மட்டும் போட்டிருக்கிறேன், பெயர் இல்லை. தேநீருக்குப் போகும் முன் ஒவ்வொருவராக வந்து, மோந்து, பார்த்து, தாளில் எழுதுங்கள். பைக்குள் கைவிட வேண்டாம். விடையைப் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து எழுதவும் வேண்டாம்.